23.3 பிறந்த கதை

பழைய போர்ஷே 911 காரின் சக்கர அளவுப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் ஓர் எண் கண்ணை உறுத்தும். 6 ஜே ரிம்முக்கு ஆஃப்செட் 36 மில்லிமீட்டர் என்கிறது பட்டியல். 7 ஜே ரிம்முக்கு 23.3. 8 ஜே ரிம்முக்கு 10.6. முழு எண்ணாக 23 என்றோ 25 என்றோ வைத்திருக்கலாமே? மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கு என்பது மிகச் சிறிய அளவு. ஜெர்மன்காரர்களின் துல்லியப் பிடிவாதம் என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்தத் தசமத்துக்குப் பின்னால் ஒரு வடிவமைப்பு முடிவு ஒளிந்திருக்கிறது. தாழ்த்திய பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த வீல், அதற்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் தகடு எத்தனை மில்லிமீட்டர் என்று குழம்புகிறவர்களுக்கு அந்த முடிவைவிட நல்ல வழிகாட்டி கிடையாது என்பது என் எண்ணம்.

ஆஃப்செட் என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். சக்கரத்தின் நடுவில் ஹப்போடு ஒட்டி உட்காரும் தட்டையான முகம் ஒன்று உண்டு. ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் நடுக்கோடு இன்னொன்று. இவை இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் ஆஃப்செட். ஹப் முகம் நடுக்கோட்டைவிடத் தெருப்பக்கம் தள்ளியிருந்தால் அது நேர் எண். வண்டிப்பக்கம் இருந்தால் எதிர் எண். எண் கூடக்கூடச் சக்கரம் மட்கார்டுக்குள் ஒடுங்கும். குறையக் குறைய வெளியே வரும். ஜெர்மன் பட்டியல்களில் இதை ஈ.டி. என்று குறிப்பார்கள். ஜே என்பது ரிம் விளிம்பின் வடிவத்துக்கான எழுத்து. அதற்கு முன்னால் வரும் எண், டயரின் இரண்டு ஓரங்களும் உட்காரும் இடங்களுக்கு நடுவிலுள்ள அகலம், அங்குலக் கணக்கில். அகலம் அங்குலத்திலும் ஆஃப்செட் மில்லிமீட்டரிலும் சொல்லப்படுவதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு அங்கேதான் விழுகிறது.

911 கார் 1963இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் முதலில் மக்கள் பார்வைக்கு வந்தது. அடுத்த ஆண்டு உற்பத்தி தொடங்கியது. அன்றைக்கு அதன் கால்களில் இருந்தவை 4.5 ஜே அகலமுள்ள 15 அங்குல இரும்புச் சக்கரங்களும் 165 மில்லிமீட்டர் டயர்களும். இன்றைய சிறிய குடும்பக் கார்கள் பலவற்றுக்கு இதைவிட அகலமான டயர் இருக்கிறது. எஞ்சினோ பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. முன் பின் அச்சுகளுக்கு நடுவில் 2,211 மில்லிமீட்டர் மட்டும்தான். வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பக்கம் ஓட்டுநரை முந்திக்கொண்டு வெளியே வீசும். முன்பக்கத்துக்கு எடை கூட்டுவதற்காக முன் பம்பரின் இரு மூலைகளிலும் இரும்புக் கட்டிகளை வைத்து அனுப்பிய காலமும் உண்டு. அந்தக் காரின் அடுத்த இருபத்தைந்து ஆண்டு வரலாற்றை, பின் சக்கரங்களுக்கு இன்னும் கொஞ்சம் ரப்பர் தேடிய வரலாறு என்றே சொல்லலாம்.

அந்தத் தேடலுக்கு அடித்தளம் போட்டது மைனெர்ட்ஸ்ஹாகன் என்ற ஜெர்மன் சிற்றூரில் இருந்த ஓட்டோ ஃபுக்ஸ் ஆலை. 1910இல் தொடங்கிய நிறுவனம். உலோகத்தை அடித்து உருவாக்குவதில் தேர்ந்தது. 160 குதிரைத்திறன் கொண்ட 911 எஸ் காரைத் தயாரித்துக்கொண்டிருந்த போர்ஷேக்கு எடை குறைந்த சக்கரம் வேண்டியிருந்தது. சக்கரத்தின் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை. அது குறைந்தால் மேடுபள்ளத்தில் டயர் தரையை விடாமல் பிடித்துக்கொண்டு போகும். அலுமினியத்தை அச்சில் ஊற்றி வார்த்தால், வலு போதாமல் கனமாகச் செய்ய நேரும். ஃபுக்ஸ் ஆலை அலுமினியக் கட்டியைச் சூடாக்கிப் பெரிய பிரஸ்களில் அடித்து, விளிம்பை உருளைகளால் விரித்து, ஒரே துண்டாகச் சக்கரத்தை எடுத்தது. அடிக்க அடிக்க உலோகத்தின் உள்ளிழை நெருங்குகிறது. அதனால் மெல்லியதாக இருந்தும் உடையாது. வடிவம் போர்ஷேயின் வடிவமைப்புக் கூடத்தில் இருந்த ஹைன்ரிஷ் கிளீ செய்தது: ஐந்து இதழ், நடுவே சின்னக் கிண்ணம். 1966இல் 911 எஸ் காரோடு சாலைக்கு வந்த அந்த வீலை இன்றைக்கும் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்லிவிடலாம். அறுபது ஆண்டு ஆகியும் பழசாகாத வீல் வடிவங்கள் மிகச் சிலவே. அதில் இதை நான் முதலில் வைப்பேன்.

அழகு வேறு, அளவு வேறு. அந்த முதல் வீலும் 4.5 ஜேதான், ஆஃப்செட் 42. 1968 மாடலுக்கு அகலம் 5.5 ஆனது, ஆஃப்செட் அதே 42. நடுக்கோடு நகராமல் அகலம் மட்டும் கூடினால், கூடிய ஓர் அங்குலத்தில் பாதி உள்ளே போகும், பாதி வெளியே வரும். அப்படித்தான் நடந்தது. 1969 மாடலுக்கு முன் பின் அச்சுகளுக்கு நடுவிலுள்ள தூரத்தை 57 மில்லிமீட்டர் நீட்டினார்கள். மட்கார்டு வளைவுகள் இலேசாகப் புடைத்தன. 911 எஸ் காருக்கு 6 ஜே வீல் வந்தது. இம்முறை ஆஃப்செட் 42இல் நிற்கவில்லை, 36க்கு இறங்கியது.

இங்கே ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரிம் அகலத்தில் பாதியோடு ஆஃப்செட்டைக் கூட்டினால், ஹப் முகத்திலிருந்து ரிம்மின் உள் ஓரம் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பது கிடைக்கும். 5.5 அங்குலத்தில் பாதி 69.85 மில்லிமீட்டர், அதோடு 42 சேர்ந்தால் 111.85. 6 அங்குலத்தில் பாதி 76.2, அதோடு 36 சேர்ந்தால் 112.2. ஏறக்குறைய அதே இடம். இனி, 7 அங்குலத்தில் பாதி 88.9; அதோடு அந்த விசித்திரமான 23.3 சேர்ந்தால் 112.2. 8 அங்குலத்தில் பாதி 101.6, அதோடு 10.6 சேர்ந்தாலும் 112.2.

ரிம் மூன்று, ஆஃப்செட் மூன்று, உள் ஓரம் ஒன்றே. போர்ஷே பொறியாளர்கள் ஆஃப்செட்டைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. அவர்கள் தேர்ந்தெடுத்தது உள் ஓரம் நிற்க வேண்டிய இடத்தை. அதற்கப்பால் சஸ்பென்ஷன் கைகளும் ஷாக் அப்சார்பரும் பிரேக் குழாயும் இருக்கின்றன. அங்கே ஒரு கோட்டைக் கிழித்துவிட்டு, கூடும் அகலம் முழுவதையும் வெளியே தள்ளினார்கள். ஓர் அங்குலம் கூடினால் அதில் பாதியான 12.7 மில்லிமீட்டர் ஆஃப்செட்டிலிருந்து கழியும். 36இல் 12.7 கழித்தால் 23.3, அதிலும் 12.7 கழித்தால் 10.6. அங்குல அகலத்தை மில்லிமீட்டர் ஆஃப்செட்டில் எழுதியதால் பிறந்த தசமம் அது.

வெளி ஓரத்தையும் பார்த்துவிடுவோம். பாதி அகலத்திலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால் போதும். 6 ஜே வீலின் வெளி ஓரம் ஹப் முகத்திலிருந்து 40.2 மில்லிமீட்டர் வெளியே. 7 ஜே 65.6. 8 ஜே 91. ஒவ்வொரு படிக்கும் முழு அங்குலம் தெருப்பக்கம் வருகிறது. அச்சின் இரு சக்கரங்களுக்கு நடுவிலுள்ள தடமும் படிக்கு 25.4 மில்லிமீட்டர் அகலமாகிறது. பின்பக்கம் வீசும் காருக்கு அதுவும் உதவிதான்.

எதிர்த் திசையில் போன வீலும் உண்டு. பந்தயக்காரர்களுக்காகச் செய்த 7 ஆர் என்ற அரிய ஃபுக்ஸ் வீலுக்கு அகலம் 7 அங்குலம், ஆஃப்செட் 49. கணக்குப் போட்டால் வெளி ஓரம் 39.9 மில்லிமீட்டரில் வருகிறது. 6 ஜே வீலின் வெளி ஓரமும் ஏறக்குறைய அதுவே. கூடிய அங்குலம் மொத்தமும் உள்ளே போயிருக்கிறது. மட்கார்டைத் தொடாமல் அகலமான டயர் போட வேண்டும் என்ற தேவைக்கு அது விடை. பார்க்க 7 ஜேயும் 7 ஆரும் ஒரே அகலம்தான். ஒன்று நிற்கும் இடத்தில் இன்னொன்று நிற்காது. வீலின் அகலத்தை மட்டும் சொல்லிப் பேரம் பேசுகிறவர்களிடம் இந்த இரண்டையும் அருகருகே வைத்துக் காட்ட வேண்டும்.

23.3க்குப் புகழ் வாங்கித் தந்தது 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வெளியான கரேரா ஆர்.எஸ். 2.7. பந்தய விதிகளின்படி 500 கார்கள் விற்றாக வேண்டும். எர்ன்ஸ்ட் ஃபூர்மான் தலைமையிலிருந்த நிறுவனத்துக்குள்ளேயே அத்தனை விற்குமா என்ற சந்தேகம் இருந்தது. கடைசியில் 1,580 கார்கள் போயின. எல்லோரும் அதன் வாத்து வால் ஸ்பாய்லரைப் பற்றிப் பேசுவார்கள். நான் பார்க்கச் சொல்வது பின் மட்கார்டுகளை. முன்னால் 6 ஜே, பின்னால் 7 ஜே. உள் கோட்டை நகர்த்துவதில்லை என்று முடிவெடுத்த பிறகு, அந்த 7 ஜே வெளியேதான் வந்தாக வேண்டும். அது வந்தால் மட்கார்டு புடைத்துத்தான் ஆக வேண்டும். அந்தக் காரின் இடுப்பு வளைவு சக்கரத்தின் தேவையிலிருந்து வந்தது. டயர்த் தேர்விலும் அதே கவனம் தெரிகிறது. முன்னால் 185/70, பின்னால் 215/60. பக்கச்சுவரின் உயரத்தைக் கணக்கிட்டால் இரண்டும் 129 மில்லிமீட்டருக்கு அருகில் வரும். ஆகவே நான்கு டயர்களும் ஏறக்குறைய 640 மில்லிமீட்டர் விட்டம். அகலம் மாறினாலும் கார் சாயாமல் நிற்கிறது. இதன் பந்தய வடிவமான ஆர்.எஸ்.ஆர். காருக்கு 9, 11 அங்குல வீல்கள் போனபோது வளைவுகள் இன்னும் வீங்கின. 1973இல் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தையும் டார்கா ஃப்ளோரியோவையும் அது வென்றது.

அடுத்து டர்போ. 1974இல் அறிமுகமான அதற்கு உடல் மிக அகலம். முன்னால் 7, பின்னால் 8 ஜே. 1978 மாடலில் 15 அங்குலம் 16 ஆனபோதும் ஆஃப்செட் அதே 23.3, அதே 10.6. அவ்வளவு பெரிய பின் மட்கார்டை 8 ஜே நிரப்பவில்லை. அதனால் பின் ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே தொழிற்சாலையே ஸ்பேசர் வைத்தது, அதற்கேற்ற நீளமான ஸ்டட்டுகளோடு. ஸ்பேசர் என்றாலே மட்டமான குறுக்குவழி என்று முகம் சுளிப்பவர்களுக்கு இது பதில். பின்னாளில் டர்போவுக்கு 9 ஜே, ஆஃப்செட் 15 என்ற வீல் வந்தது. அதன் உள் ஓரம் 129.3, பழைய கோட்டைத் தாண்டுகிறது. ஸ்பேசர் வீலை வெளியே தள்ளியிருந்ததால் உள்ளே கிடைத்த இடத்தை அது எடுத்துக்கொண்டது. கணக்கு அங்கேயும் பிசகவில்லை.

இனி, காரைத் தாழ்த்துகிறவர்களின் கவலைக்கு வருவோம்.

இந்தக் கார்களில் சுருள் ஸ்பிரிங் கிடையாது, முறுக்குக் கம்பிகள்தான். முன்னால் திருகாணியைத் திருகியும், பின்னால் கம்பியின் பல்லை மாற்றிப் பொருத்தியும் உயரத்தைக் குறைக்கலாம். 1974க்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போன கார்கள் ஐரோப்பியக் கார்களைவிட உயரமாக நின்றன. அவற்றை ஐரோப்பிய உயரத்துக்கு இறக்குவது அங்கே பரவலான வழக்கம். உயரம் குறைந்ததும் சக்கரம் நிற்கும் கோணம் மாறுகிறது. பின்பக்கம் இறங்க இறங்கச் சக்கரத்தின் தலை உள்ளே சாய்கிறது. இதுதான் நெகட்டிவ் கேம்பர். 640 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயருக்கு, ஒரு டிகிரி சாய்ந்தால் உச்சி 5.6 மில்லிமீட்டர் உள்ளே போகும். இரண்டு டிகிரிக்கு 11 மில்லிமீட்டர். நேராக நிற்கும்போது மட்கார்டில் உரசும் வெளி ஓரம், சாய்ந்து நிற்கும்போது தப்பிவிடும். மேட்டில் ஏறும்போது பின் சக்கரம் இன்னும் உள்ளே சாய்வதால் பின்பக்கம் ஓரளவு மன்னிக்கும்.

முன்பக்கம் அப்படி இல்லை. அங்கே இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். கீழ்க்கை படுக்கை நிலையைத் தாண்டி மேல்நோக்கி நிற்கும் அளவுக்குக் காரை இறக்கிவிட்டால், சக்கரம் மேலேறும்போது தலை உள்ளே சாய்வதற்குப் பதில் வெளியே சாயத் தொடங்கும். மட்கார்டின் உள்மடிப்பு டயரைக் கீறுவது பெரும்பாலும் இப்படித்தான். ஸ்டியரிங் கம்பிகளின் கோணமும் கெட்டு, மேடு ஏறும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். ஸ்ட்ரட்டில் சக்கர அச்சைச் சற்று மேலே மாற்றிப் பொருத்துவது இதற்கான முறையான வைத்தியம். அதைச் செய்யாமல் மட்டமாக இறக்கிவிட்டு, வீலில் மாற்றம் செய்து சரிக்கட்டப் பார்ப்பது வீண் செலவு.

இன்னொன்று. முன் சக்கரத்தை ஸ்பேசரால் எத்தனை மில்லிமீட்டர் வெளியே தள்ளுகிறோமோ, ஸ்டியரிங் திரும்பும் அச்சிலிருந்து டயரின் நடுவும் அத்தனை மில்லிமீட்டர் விலகும். சாலையின் ஒவ்வொரு குழியும் கைக்கு வரும். பேரிங்குக்கும் சுமை கூடும். திருப்பும்போது டயர் பெரிய வட்டம் போடுவதால், நேராக ஓடும்போது படாத டயர் முழுத் திருப்பத்தில் மட்கார்டின் பின் மூலையில் படும். இதனால்தான் முன்பக்கத்துக்கு ஸ்பேசர் வைப்பதில் நான் கஞ்சத்தனத்தையே சொல்வேன்.

ஸ்பேசர் கணக்கு சின்னதுதான்: தடிமனை ஆஃப்செட்டிலிருந்து கழித்துவிடுங்கள். 6 ஜே, 36 வீலுக்குப் பின்னால் 7 மில்லிமீட்டர் தகடு வைத்தால் அது 29 ஆஃப்செட் வீல்போல் நடந்துகொள்ளும். வெளி ஓரம் 40.2இலிருந்து 47.2க்கு வரும், உள் ஓரம் 112.2இலிருந்து 105.2 ஆகும். புதிய போர்ஷேக்களின் வீல்களைப் பழைய 911இல் மாட்ட ஆசைப்படுகிறவர்களும் இதே கணக்கைப் போட வேண்டும். முதல் தலைமுறை பாக்ஸ்டரின் முன் வீல் 17 அங்குலம், 7 ஜே, ஆஃப்செட் 55. ஸ்டட் வட்டம் இரண்டுக்கும் ஒரே 130 மில்லிமீட்டர், ஐந்து துளை. ஆகவே ஹப்பில் ஏறிவிடும். ஆனால் உள் ஓரம் 143.9. போர்ஷே கிழித்த கோட்டுக்கு 31.7 மில்லிமீட்டர் அப்பால், ஷாக் அப்சார்பர் இருக்கும் பக்கம். அதைச் சரிசெய்ய 32 மில்லிமீட்டர் தடிமனில் ஸ்பேசர் தேவைப்படும். ஃபுக்ஸ் ஆலை எடையைக் குறைக்கப் பட்ட பாட்டையெல்லாம் அந்த அலுமினியத் தட்டு தின்றுவிடும். பழைய காருக்குப் பொருந்தும் ஆஃப்செட்டில் செய்த வீலை வாங்குவதே சரி. ஸ்பேசர் சில மில்லிமீட்டர் திருத்தத்துக்கு மட்டும்.

அந்தச் சில மில்லிமீட்டரிலும் உயிர் இருக்கிறது. ஹப்பின் நடு மேட்டில்தான் வீல் மையம் பிடித்து உட்காரும். ஸ்பேசர் அந்த மேட்டை மறைக்கும் அளவுக்குத் தடிமனாக இருந்தால், ஸ்பேசரிலேயே அதே விட்டத்தில் மேடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீல் மையம் தப்பி உதறும். ஸ்டட் 14 மில்லிமீட்டர் தடிமன், மரை 1.5 மில்லிமீட்டர் இடைவெளி. நட் குறைந்தது ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது மரையில் ஏறியிருக்க வேண்டும். அதற்கு ஒன்பது, பத்து முழுச் சுற்று வேண்டும். போர்ஷேயின் அலுமினிய நட்டுகளுக்கு அதைவிடக் கூட இருந்தால் நல்லது. ஸ்பேசர் வைத்த பிறகு விரலால் திருகி எண்ணிப் பாருங்கள். குறைந்தால் நீளமான ஸ்டட் போடாமல் வண்டியை எடுக்கக் கூடாது. நட்டின் அடியையும் பாருங்கள். போர்ஷே வீல்களுக்கு உருண்டை அடி. கடையில் எளிதில் கிடைக்கும் கூம்பு அடி நட், துளையின் ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், நாளடைவில் தளர்ந்துவிடும். டார்க் ரெஞ்சில் 130 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்க வேண்டும். சிறிது தூரம் ஓட்டிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

வீல் வாங்கக் கிளம்புமுன் காரைத் தாழ்த்தி, கேம்பர் எல்லாம் சரிபார்த்து, கடைசி உயரத்தில் நிறுத்துங்கள். அதன்பிறகே அளவெடுக்க வேண்டும். உயரம் மாறினால் எல்லா எண்ணும் மாறும். மட்கார்டின் உள்மடிப்பிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, இப்போதுள்ள டயரின் தோள் அதற்கு எத்தனை மில்லிமீட்டர் உள்ளே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் ஷாக் அப்சார்பருக்கும் டயருக்கும் நடுவிலுள்ள இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். கீழ்க்கைக்கு அடியில் ஜாக்கி வைத்து சஸ்பென்ஷனை முழுக்க மேலேற்றி ஒரு முறை, முன்பக்கம் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி இன்னொரு முறை. இந்த எண்களோடு போய் விற்பவரிடம் ஆஃப்செட்டை மட்டும் கேட்காதீர்கள். ரிம்மின் உள் ஓரம் எங்கே நிற்கும், வெளி ஓரம் எங்கே நிற்கும் என்று கேளுங்கள். இரண்டையும் சொல்லத் தெரியாதவரிடம் வீல் வாங்க வேண்டாம்.